நாகக்காட்டில் குழந்தைகள் இருந்தார்களா

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்தவள். பக்கத்து வட்டத்தில் ஒரு கிளை நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே பழைய எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் புகார் வந்திருக்கிறதாம். வாசகர் ஒருவர் அவர் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அது நாலு குழுவைச் சுற்றிவிட்டுக் கடைசியில் இவள் போனுக்கே வந்து சேர்ந்துவிட்டது. "பேசாம கழிவுல சேத்து அனுப்பிடட்டுமா மேடம்? எதுக்கு வம்பு?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புத்தகத்தை நீ படித்தாயா என்று கேட்டேன். இல்லையாம். புகார் சொன்னவர் படித்தாரா என்றேன். அந்த ஒரு பக்கத்தைப் படித்தாராம். போனை வை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் பயந்துவிட்டாள் போலிருக்கிறது, பத்து நிமிஷம் கழித்து ஸாரி மேடம் என்று செய்தி அனுப்பியிருந்தாள். ஸாரி எல்லாம் எதற்கு? எனக்கு அவள்மேல் கோபமில்லை. எனக்கும் ஒருமுறை இதே போன்ற புகார் வந்தது, அப்போது எனக்கும் கை கால் ஓடவில்லை. அதை அவளுக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் மானாம்பதி. விவசாயக் குடும்பம். டிகிரி முடித்து, நூலகச் சான்றிதழ் படித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். வேலை உத்தரவு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இடுப்பில் ஒரு பிள்ளையும் இருந்தான். முதலில் மாகறலில் ஊர்ப்புற நூலகம். ஒரே அறை, நாலு பீரோ, மழைக்காலத்தில் ஒழுகும் இடம் பார்த்து நகர்த்தி வைக்க ஒரு வாளி. பிறகு உத்திரமேரூர் கிளை நூலகத்துக்கு மாற்றினார்கள். அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

பயிற்சியில் கற்றதில் பாதி மறந்துவிட்டது. கை மட்டும் எதையும் மறக்கவில்லை. புதுப் புத்தகம் வந்தால் அப்படியே மளுக்கென்று பிரித்துவிடக் கூடாது. முதுகை மேஜைமேல் நிறுத்தி, முன்னட்டையை ஒரு பக்கமும் பின்னட்டையை ஒரு பக்கமும் சாய்த்து, இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாள்களை நீவிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். அப்போதுதான் முதுகு உடையாது. அதற்குப் பிறகு தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை. ரகசியப் பக்கத்தில் இன்னொரு முத்திரை. ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு பக்க எண் இருக்கும். யாராவது புத்தகத்தைக் கிளப்பிக்கொண்டுபோய் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து இது எங்களுடையது என்று சொல்லிவிடலாம். எங்கள் நூலகத்துக்கு அது எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

சில புத்தகங்களுக்குத் தலைமையிடத்திலேயே முதுகில் 'சிறுவர்' என்று ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அட்டையில் மிருகம் பேசினால் சிறுவர். குதிரைக்கு இறக்கை இருந்தால் சிறுவர். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் நேரம் கிடையாது. இது எங்கள் துறைக்கே உரிய அசட்டுத்தனம், வேறு எந்தத் துறையிலும் நடக்காது. செங்கழுநீரானின் 'நிழலற்றவர் கோட்டை' மூன்று பாகமும் அப்படித்தான் எல்லா ஊரிலும் சிறுவர் அலமாரிக்கு வந்து சேர்ந்தன.

செங்கழுநீரான் என்றால் இப்போது பலருக்குத் தெரியாது. என் அம்மா காலத்தில் வாரப் பத்திரிகையில் மாயக்கதைத் தொடர் எழுதியவர். பெரியவர்கள் சண்டைபோட்டுப் படித்த கதை அது. எங்கள் வீட்டில் அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு தைக்கும் ஊசியால் தைத்து வைத்திருந்தாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெரிய கதை அதுதான்.

கதை இதுதான். ஒரு கோட்டையில் ஓர் அரசன். அவனிடம் நிழலைக் கொடுத்துவிட்டால் சாகிற வரைக்கும் பசி தெரியாது. பஞ்ச காலம், ஜனங்கள் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். ஆனால் நிழலைக் கொடுத்தவரைப் பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும். அப்படி நிழலைக் கொடுத்த ஒரு தாய் தன் மகனுக்குச் சோறு போடுகிறாள். அவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து, நீங்க யாரும்மா என்று கேட்கிறான். வழியில போறவ, பசின்னு சொன்னியேன்னு போட்டேன் என்கிறாள். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அழுகை வரும். இப்போது எழுதும்போதும் வருகிறது.

அவரைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்லுகிற குறைகளும் எனக்குத் தெரியும். நல்லவள் என்றால் பொன்னிறம், கெட்டவன் என்றால் கருப்பு. பெண்ணுக்கு வயதாகிவிட்டால் சூனியக்காரி. எல்லாம் உண்மைதான். நான் நல்ல கருப்பு. பிறந்த வீட்டில் என் பெயரே கருப்பிதான். அவர் நாயகிகளில் ஒருத்திகூட என்னைப் போல இல்லை என்பது பத்து வயதிலேயே தெரியும். தெரிந்தும் படித்தேன். பந்தியில் ஓரமாக உட்கார வைத்தார்களே என்று விருந்தை விட்டுவிட்டு எழுந்துவர மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஓரமாகக்கூட உட்கார வைக்கப்படாதவர்கள் கதையில் இருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் நாகக்காடு என்று ஒரு காடு வரும். அங்கே இருப்பவர்கள் பாம்பு பிடிப்பவர்கள், எலி தின்பவர்கள், பிள்ளைகளைத் திருடி விற்பவர்கள். மூன்றாம் பாகத்தில் கதாநாயகனான இளவரசன் அந்தக் காட்டுக்குத் தீ வைக்கிறான், ஊரே ஆரவாரம் செய்கிறது. எங்கள் பக்கத்து ஆள் எவர் படித்தாலும் அது யாரைக் குறிக்கிறது என்று தெரிந்துவிடும். செய்யாற்றங்கரை ஏரிக்கரையெல்லாம் இருளர் குடியிருப்புகள் உள்ள இடம் இது.

உத்திரமேரூர் நூலகத்தில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர் தணிகாசலம். அரிசி மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் வட்டத் தலைவர். செங்கழுநீரானை என்னைவிட அதிகமாக நேசித்தவர் அவர் ஒருவர்தான். மூன்று பாகமும் அவருக்கு மனப்பாடம். நாகக்காடு எரிகிற இடத்தில் துண்டைத் தலைக்குமேல் சுழற்றி, நெருப்பு மாதிரி குதிப்பார். பிள்ளைகள் கைதட்டும். நூலகத்தில் அமைதி காக்க வேண்டும் என்ற பலகைக்குக் கீழேயே இது நடக்கும்.

ஒருநாள் காலை செல்வம் வந்தான். மன்னிக்க வேண்டும், வந்தார். வக்கீல். நான் மாகறலில் இருந்தபோது ஆற்றங்கரை இருளர் குடியிருப்பிலிருந்து புத்தகம் எடுக்க வந்த சிறுவன் அவர், அதனால் வாய் தவறிவிடுகிறது. இப்போது உத்திரமேரூரிலேயே வீடு எடுத்து, கோர்ட்டுக்குப் போய்வருகிறார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கையில் ஒரு மனு வைத்திருந்தார். 'நிழலற்றவர் கோட்டை'யை நூலகத்திலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. எதிரில் உட்கார்ந்து தன் மகள் பூவிழியைப் பற்றிச் சொன்னார். நாலாம் வகுப்பு படிக்கிறாள். சனிக்கிழமை கதை கேட்ட பிள்ளைகள் திங்கட்கிழமை அவளை நாகக்காட்டு ராட்சசி என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் கிட்டே வந்தால் பிடித்து விற்றுவிடுவாள் என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அது விளையாட்டாகிவிட்டது. அவள் காலையில் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடம் போய்ப் பல நாளாகிறது.

"மேடம், சின்னதுல ரெண்டாம் பாகத்த பாதியில கொண்டாந்து குடுத்தேனே, ஞாபகம் கீதா? ஏன்டா முடிக்கலன்னு கேட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. எங்கப்பாவ மில்லுல இன்னா பேரு வெச்சி கூப்டுவாங்கன்னு கேட்டுக்கினே வளந்தவன் நானு. அது என்னோட போவட்டும்னு நெனச்சேன். எம்பொண்ணுக்கும் அப்படி ஒரு பேரா?"

எழுந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் சொல்வது நியாயம். அதே சமயம் அந்த மூன்று பாகம் எங்களிடம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மற்ற நூலகங்களில் கிழிந்து கழிவாகிவிட்டது, பதிப்பித்த கடையையும் மூடிவிட்டார்கள். நாங்கள் நீக்கினால் எடைக்குப் போய்விடும், பிறகு இந்த மாவட்டத்தில் ஒருவரும் அந்தத் தாயைப் படிக்கப்போவதில்லை.

தணிகாசலத்திடம் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம். எத்தனையோ வருசமா சொல்லிக்கினு வரேன், ஒருத்தர் ஒரு வார்த்த சொன்னதில்ல, கதைய கதையா கேக்கத் தெரியாதவங்க பேச்சுக்கு ஆடினா லைப்ரரில பஞ்சாங்கம் மட்டும்தான் மிஞ்சும் என்று குதித்தார். செல்வத்தின் அப்பா அவர் மில்லில்தான் நெல் காயவைக்கிற களத்தில் வேலை செய்தவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவனோட புள்ளையா என்று ஒருமையில் கேட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை, வக்கீல் சார்னு சொல்லுங்க ஐயா என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

மனுவை மேலே அனுப்பினேன். மாவட்ட நூலக அலுவலராக அப்போது ஞானசேகரன் சார் இருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு வந்தால் ஜீப்பில் வர மாட்டார், காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மஞ்சள் பையில் சாப்பாடும் தண்ணீரும் இருக்கும். நம் நாற்காலியில் உட்கார மாட்டார், வாசகர் பெஞ்சில்தான் உட்காருவார். பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. திட்டினாலும் குனிந்து காதைக் கொடுத்துத்தான் திட்டு வாங்க வேண்டும். அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு புத்தகத்தை உருவி, கடைசியாக எப்போது வெளியே போனது என்று தேதித் தாளைப் பார்ப்பார். தாள் காலியாக இருந்தால் புத்தகத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார், நம்மைப் பார்க்க மாட்டார். அது திட்டைவிட மோசம்.

மனுவைப் படித்துவிட்டு நேரிலேயே வந்தார், செல்வத்தையும் தணிகாசலத்தையும் வரச் சொல்லிவிட்டு முதலில் புத்தகத்தைக் கேட்டார். முதுகைப் பார்த்தார். "எறக்க வெச்ச குதிர இருந்தா சிறுவர்னு எவம்மா ஒட்டினது?" என்றார். தேதித் தாளைப் பார்த்தார், நிரம்பி வழிந்தது. புத்தகத்தைக் கழிப்பதற்கு நம் விதியில் கிழிந்தது, பூச்சி அரித்தது, தகவல் பழசானது என்றெல்லாம் காரணம் உண்டு, ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் செய்தது என்று ஒரு காரணம் கிடையாது என்றார். பிறகு தன் வழக்கத்தைச் சொன்னார். புகார் கொடுத்தவர், அந்தப் புத்தகத்தை நேசிக்கிறவர், நூலகர் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் மாறி மாறி வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு வரி விடக் கூடாது. கடைசிப் பக்கம் முடிகிற வரைக்கும் யாரும் வாதாடக் கூடாது. அதற்குப் பிறகுதான் தீர்மானம். இதை அவர் எந்தச் சட்டத்திலும் பார்த்துச் செய்யவில்லை, அவராக வைத்துக்கொண்டது.

செல்வம் சிரித்தார். கோர்ட்டுல கூட இவ்ளோ வாய்தா கெடையாது சார் என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார். அதுவரை கதை சொல்லும் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தோம்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. அன்று சாயங்காலம் கோர்ட் முடிந்து செல்வம் வருவார், சாரும் பஸ் பிடித்து வந்து கூட உட்காருவார், பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்போம். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மாலை முறை இருந்ததால் பூவிழியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான பெண், ரெட்டைச் சடை, யாரிடமும் பேசவில்லை. சார் அவளைத் தடுக்கவில்லை. செல்வமும், அவமேலதான எல்லாம் விழுந்துது, அவளும் கேக்கட்டும் என்றார். தணிகாசலம் அவளைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மில் களத்தில் நின்றவரின் மகன் சமமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அதை மறைக்கவும் தெரியாத மனிதர்.

முதல் பாகம் படிக்கும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. உயரம் என்றால் பயப்படும் பறக்கும் குதிரை வந்த இடத்தில் பூவிழி சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள், சிரிக்கலாமா என்று. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாய் சோறு போடுகிற அத்தியாயம் தணிகாசலம் முறை. அவர் குரல் அந்த இடத்துக்கென்றே செய்தது. செல்வம் எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முடிந்ததும் வந்து உட்கார்ந்து, படிங்க என்றார்.

இரண்டாம் பாகத்தில் நாகக்காடு வந்தது. அது என் முறை. வாயைத் திறக்கவே கூசியது. செல்வம் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். சாட்சி சொன்னதைக் கோர்ட்டில் வாசிப்பது போல, ஏற்ற இறக்கமில்லாமல், ஒரு சொல் விடாமல் படித்தார். துர்நாற்றம் என்று வந்த இடத்தில் துர்நாற்றம் என்றுதான் படித்தார். சிறுவயதில் நிறுத்திய பக்கம் வந்தபோது ஒரு நிமிஷம் நின்றார். பிறகு திருப்பினார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

மூன்றாம் பாகத்தில் காடு எரியும் அத்தியாயம் தணிகாசலத்துக்கு விழுந்தது. நான் அவரைப் பார்த்தேன். துண்டு தோளிலேயே கிடந்தது. மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார். இளவரசன் தீப்பந்தத்தை எறிகிறான், காற்று வீசுகிறது, மரங்கள் சரிகின்றன. அப்போது பூவிழி கேட்டாள்.

"தாத்தா, அந்தக் காட்டுல கொழந்தைங்க இருந்தாங்களா?"

அவர் நிறுத்தினார். கடைசிப் பக்கம் வரை பேசக் கூடாது என்பது விதியாயிற்றே என்று ஞானசேகரன் சாரைப் பார்த்தார். சார் அந்த மெல்லிய குரலில், "அது வாதம் இல்ல, கேள்வி. பதில் இருந்தா சொல்லுங்க" என்றார்.

தணிகாசலம் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். முன்னால் புரட்டினார். மனப்பாடமாகத் தெரிந்த புத்தகத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தது பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பாம்பு இருக்கிறது, பானை இருக்கிறது, எலிப்பொறி இருக்கிறது. குழந்தை இல்லை.

"எழுதல பாப்பா" என்றார்.

"எழுதலன்னா இல்லியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருந்திருக்கும் பாப்பா. இருந்திருக்கும்" என்றார். புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டார். மீதி அத்தியாயத்தைச் செல்வம் படித்து முடித்தார்.

கடைசிப் பக்கம் முடிந்த அன்று சார் செல்வத்தைத்தான் முதலில் பேசச் சொன்னார். செல்வம் முதல் பாகத்தில் ஓர் இடத்தைத் திறந்து காட்டினார். நாட்டில் எல்லோரும் நிழலைக் கொடுத்துவிட்டார்கள், நாகக்காட்டார் மட்டும் பசியோடேயே இருந்துகொண்டார்கள், கொடுக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. நானும் தணிகாசலமும் அதை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறோம், நின்றதில்லை.

"இத்த எழுதினதும் அந்த ஆளுதான், கொளுத்த சொன்னதும் அந்த ஆளுதான். பெத்த புள்ளைக்கு அடையாளம் தெரியாத அம்மாவ எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு, பசியோட இருந்தும் நெயல குடுக்காதவங்கள இன்னான்னு பாக்கத் தெரியல. இதுக்காக நான் மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. ஆனா இத்த எடைக்குப் போடாதீங்க. போட்டா அந்த அம்மாவும் போயிடும், எங்கள கொளுத்தினதும் போயிடும். எனக்கு ரெண்டும் இருக்கணும்."

தணிகாசலம் எழுந்தார். ஏதோ பெரிதாகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். "உங்கப்பா பேரு மண்ணாங்கட்டி இல்ல, மாரின்னு எனக்குத் தெரியும் வக்கீல் சார். மில்லுல நாங்கதான் அப்படி கூப்டுக்கினு இருந்தோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். செல்வம் தலையை மட்டும் அசைத்தார்.

சார் தீர்மானத்தை எழுதினார். புத்தகம் நூலகத்தில் இருக்கும். சிறுவர் அலமாரியிலிருந்து பெரியவர்கள் நாவல் பகுதிக்குப் போகும். வருஷத்துக்கு ஒருமுறை வாசகர் வட்டம் அதை முழுதாக வாய்விட்டுப் படிக்கும், யார் எந்தக் கேள்வியும் கேட்கலாம். உள்ளட்டையில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு ஒட்ட வேண்டும் என்றார் செல்வம். ஒட்டினால் குறிப்பை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுவார்கள் என்றார் சார். இதில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. நான் செல்வம் பக்கம்தான், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

இதனால் பூவிழி அடுத்த நாளே துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை, கொஞ்ச நாள் கழித்துத் தயங்கித் தயங்கித்தான் போக ஆரம்பித்தாள். தணிகாசலம் வீடு பள்ளிக்கூடம் போகும் வழியில் இருக்கிறது. காலையில் அவள் வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்க ஆரம்பித்தார். அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் போவார். சொந்தப் பேரன் பையைக்கூடத் தூக்காத மனிதர் என்று அவர் மருமகள் என்னிடம் சிரித்தாள். கதை சொன்ன தாத்தாவே அவளோடு பேசிக்கொண்டு வருவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு விளையாட்டில் ருசி போய்விட்டது. சனிக்கிழமைக் கதை மறுபடி தொடங்கியபோது, நாகக்காட்டுக் கதை சொல்லுங்க தாத்தா என்று ஒரு பொடியன் கேட்டான். அத்த நான் தப்பா சொல்லிட்டேன், சரியா தெரிஞ்சிக்கினு வந்து சொல்றேன் என்றார். வயிற்றுவலி குறையப் பல வாரம் ஆனது. ஆனால் குறைந்தது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பயந்துகொண்டு கழித்துவிடாதே. புகாரை மேஜை டிராயரில் போட்டும் பூட்டிவிடாதே. புகார் சொன்னவரைக் கூப்பிட்டு உட்கார வை, புத்தகத்தைப் பிரி, படி. நேரம் ஆகும். நேரம் செலவழிக்கத்தானே நமக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்? என்னைக் கேட்டால் செங்கழுநீரான் பெரிய எழுத்தாளர். சின்னத்தனமும் உள்ள பெரிய எழுத்தாளர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வெள்ளிக்கிழமைகள்தான்.

இந்த வருஷ வாசிப்புக்குப் போயிருந்தேன். ஞானசேகரன் சார் இல்லை, காலமாகிவிட்டார். தணிகாசலத்துக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது, செல்வம்தான் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். பெரியவர்களும் பிள்ளைகளுமாகக் கூடம் நிறைந்திருந்தது. காடு எரியும் அத்தியாயத்தை யார் படிப்பது என்ற பேச்சு வந்தபோது பூவிழி எழுந்து வந்தாள். இப்போது பிளஸ் ஒன். அவள் அப்பாவைப் போலவே ஒரு சொல் விடாமல், ஒரு சொல்லையும் மாற்றாமல் கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஊர் ஆரவாரம் செய்தது என்பதோடு அத்தியாயம் முடிந்தது.

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "இதுவரிக்கும் அவரு எழுதினது" என்றாள். "இனிமே நான் சொல்றது. காட்டுல தீ வெச்ச அன்னிக்கி நாகக்காட்டு பசங்கல்லாம் ஆத்துல நண்டு புடிக்க போயிருந்தாங்க. பொக வர்றத மொத மொத பாத்தது ஒரு பொண்ணு. அவ மத்த பசங்கள கூட்டிக்கினு கோட்டைக்கு போனா. வாசல்ல காவலுக்கு நின்னவங்க எல்லாம் நெயல் இல்லாதவங்க. பசங்களோட நெயல் நீளமா வந்து அவங்க கால்மேல விய்ந்துது. அதுல ஒருத்தனுக்கு சடார்னு தன் அம்மா மொகம் ஞாபகம் வந்துது."

அங்கே நிறுத்தி, தண்ணீர் குடிக்கப் பாட்டிலை எடுத்தாள். முன்வரிசையில் தணிகாசலம் குரல் வந்த பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு, நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார். அவளுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

"அப்புறம்?" என்றார்.